துணை: முன்னாடி வந்தா ஒரு அர்த்தம், பின்னாடி வந்தா வேற அர்த்தம் (முழுமையான வழிகாட்டி)

துணைத்தலைவர், துணைக்கால், துணைவினை, வழித்துணை, வாழ்க்கைத்துணை, கடவுள் துணை, பனைத்துணை. எல்லாத்துலயும் இருக்கிறது ஒரே துணைதான், ஆனா ஒண்ணுல அது சின்னவர், ஒண்ணுல சமமானவர், ஒண்ணுல நம்மளவிட ரொம்பப் பெரியவர், கடைசியில பாத்தா ஆளே இல்ல, வெறும் அளவு. அகராதியில பாத்தா உதவி, கூட்டு, இணை, காப்பு, அளவுன்னு வரிசையா போட்டிருப்பாங்க, எந்த இடத்துல எதை எடுக்கணும்னு மட்டும் சொல்ல மாட்டாங்க. அதுக்குத்தான் இந்த வழிகாட்டி. எழுதுறவங்க, மொழிபெயர்க்கிறவங்க, போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவங்க, ஆபீஸ்ல தமிழ்ல லெட்டர் அடிக்கிறவங்க யாருக்கு வேணா பயன்படும்.

படி 1: எங்க நிக்குதுன்னு பாருங்க

முதல்ல செய்யவேண்டியது இதான், பாதி குழப்பம் இங்கயே தீர்ந்துடும். துணை சொல்லுக்கு முன்னாடி வந்தா, அந்தப் பொருள்லயே ஒரு படி கீழ இருக்கிறது, இல்லன்னா மெயினா ஒண்ணு இருக்க அதோட கூடச் சேர்ந்தது. துணைத்தலைவர்னா தலைவருக்கு அடுத்தவர், துணைத்தலைப்புன்னா பெரிய தலைப்புக்குக் கீழ வர்றது, துணைக்குழுன்னா பெரிய குழுவுலேருந்து பிரிச்சு வேலை கொடுத்த சின்னக் குழு, துணைக்கோள்னா ஒரு கோளைச் சுத்திவர்ற சின்னது (பூமிக்கு 1, செவ்வாய்க்கு 2).

அதுவே பின்னாடி வந்தா கூட வர்ற ஆள், கூட நிக்கிற பலம். வழித்துணை, பேச்சுத்துணை, வாழ்க்கைத்துணை, உறுதுணை. இதுல யாரும் யாருக்கும் கீழ இல்ல. வழித்துணையா வர்றவர் வழியைவிடச் சின்னவர்னு யாராவது சொல்வாங்களா? லெட்டர் தலையிலயும் கணக்கு நோட்டு முதல் பக்கத்துலயும் போடுற "முருகன் துணை", "கடவுள் துணை" எல்லாம் இதே வகைதான், அங்க துணையா இருக்கிறவர் மேல இருக்காரு, எழுதுறவர்தான் கீழ.

இதுக்கு விதிவிலக்கு உண்டான்னா, பேரளவுல இல்ல, நடைமுறையில உண்டு. துணைவேந்தரை எடுத்துக்கோங்க. பேர்ல துணை முன்னாடிதான் நிக்குது, ஆனா யுனிவர்சிட்டியை தினம் நடத்துறது அவர்தான், வேந்தர் பட்டமளிப்பு விழாவுக்கு வந்துட்டுப் போவாரு. அதனால துணைன்னா பவர் கம்மின்னு உடனே முடிவு பண்ணாதீங்க, வரிசையில அடுத்ததுன்னு மட்டும் வச்சுக்கோங்க. இன்னொரு பக்கம், குடியரசுத் துணைத் தலைவர் பதவிக்கு அரசியலமைப்புல 63-வது பிரிவு தனியா இருக்கு, துணை சபாநாயகருக்கும் பிரிவு இருக்கு, துணை முதல்வருக்கு அப்படி எதுவுமே கிடையாது, சட்டத்தோட கண்ணுல அவரும் ஒரு அமைச்சர்தான். மூணுமே ஒரே மாதிரி துணை, பின்னாடி இருக்கிற பலம் வேற வேற.

வரலாற்றுல இதைவிட மோசமான ஒரு துணை இருக்கு, துணைப்படைத் திட்டம். பிரிட்டிஷ் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி காலத்துல 1798-ல ஹைதராபாத் நிஜாம் கையெழுத்துப் போட்டார், 1799-ல தஞ்சாவூர். உங்களுக்குத் துணையா எங்க படை இருக்கும், செலவை நீங்க பாத்துக்கோங்கன்னு ஆரம்பிச்சது, கடைசியில யாரு யாருக்குத் துணைங்கிறதே தலைகீழாப் போச்சு.

படி 2: ஒற்று போடணுமா வேண்டாமா

துணை முன்னாடி நின்னு, அடுத்த சொல் க, ச, த, ப-ல ஆரம்பிச்சா ஒற்று கண்டிப்பா வரும். துணைக்குழு, துணைச்செயலாளர், துணைத்தலைவர், துணைப்பாடம். வேற எழுத்துல ஆரம்பிச்சா வராது: துணைவேந்தர், துணைமுதல்வர், துணைநூல். உயிரெழுத்துல ஆரம்பிச்சா சேர்த்து எழுதும்போது நடுவுல ய் வரும், துணையெழுத்து, துணையாறு மாதிரி. பதவிப் பேர்ல பிரிச்சு "துணை ஆட்சியர்"னு எழுதுறதுதான் இப்ப வழக்கம், அதுல தப்பு ஒண்ணும் இல்ல. பிரிச்சு எழுதினாலும் ஒற்று போகாது, "துணைத் தலைவர்"னுதான் வரணும், "துணை தலைவர்" இல்ல. போர்டுலயும் ஃப்ளெக்ஸ்லயும் இந்த ஒத்துதான் முதல்ல காணாமப் போகும்.

துணை பின்னாடி வந்தா கொஞ்சம் யோசிக்கணும். வழித்துணை, பேச்சுத்துணைன்னு ரெண்டும் சேர்ந்து ஒரே பேரா ஆயிட்டா ஒற்று வரும். "தெய்வமே துணை"ன்னு அது ஒரு முழு வாக்கியமா நின்னா, அதாவது தெய்வம்தான் துணையா இருக்குன்னு அர்த்தம் வந்தா, அங்க ஒற்று கிடையாது. "திக்கற்றவருக்குத் தெய்வமே துணை"யில நடுவுல வர்ற த், திக்கற்றவருக்கு-ங்கிறதுல இருக்கிற கு-வால வந்தது, தெய்வமே-க்குப் பின்னாடி வரல பாருங்க.

படி 3: கூட வர்ற வினையைப் பாருங்க

இதுல கவனம் இல்லன்னா ஆளையே மாட்டிவிட்டுடும். துணைநிக்கிறது நல்லது, துணைசெய்யுறது நல்லது, ஆனா துணைபோறது கெட்டது. "ஊழலுக்குத் துணைபோனார்", "அநியாயத்துக்குத் துணைபோகாதே"ன்னுதான் சொல்லுவோம், "நல்ல காரியத்துக்குத் துணைபோனார்"னு சொன்னா காதுல இடிக்கும். கோர்ட், போலீஸ் செய்தியில இதுக்குப் பக்கத்து வீட்டுச் சொல் உடந்தை, அது இன்னும் கடுமை.

இதுலயே ஒரு "க்கு" என்ன பண்ணுதுன்னு பாருங்க:

"அக்காவுக்குத் துணைக்குப் போ." அக்கா தனியாப் போறா, நீ கூடப் போயிட்டு வான்னு அர்த்தம்.

"அக்காவுக்குத் துணைபோகாதே." அக்கா ஏதோ தப்பு பண்றா, நீயும் அதுல சேராதேன்னு அர்த்தம்.

அக்காவும் தம்பியும் அதேதான், துணைக்கு-ல இருக்கிற அந்தக் க்கு போனதும் தம்பி குற்றவாளி ஆயிட்டான். மொழிபெயர்க்கிறவங்க "சப்போர்ட் பண்ணினார்"ங்கிறதை அவசரத்துல "துணைபோனார்"னு போட்டுடுறதுண்டு, பாராட்டா எழுதவேண்டியது குற்றச்சாட்டா மாறிடும். அங்க துணைநின்றார், இல்லன்னா சும்மா ஆதரவு கொடுத்தார்னு போட்டாப் போதும்.

துணைவன், துணைவி பத்தியும் இங்கயே சொல்லிடுறேன். துணைவியார்னு அழைப்பிதழ்லயும் மேடையிலயும் மரியாதையாத்தான் வருது. ஆனா ஒரே பேச்சுல மனைவின்னு ஒருத்தரையும் துணைவின்னு இன்னொருத்தரையும் சொன்னா, ரெண்டாவது ஆளுக்கு சட்டப்படி கல்யாணம் ஆகலங்கிற சாயல் வந்து உக்காந்துக்கும். அதனால ஒரு கட்டுரைக்குள்ள எதையாவது ஒண்ணை மட்டும் எடுத்துக்கிட்டு அதையே கடைசிவரை ஓட்டுங்க.

படி 4: எழுத்துல வர்ற துணை

துணைக்கால்னா ா. தனியா நிக்கவே முடியாது, பக்கத்துல ஒரு எழுத்து வேணும், ஆனா அது இல்லன்னா மாலை மலை ஆயிடும், பாடம் படம் ஆயிடும், வானம் வனம் ஆயிடும். இந்தக் கால், கொம்பு எல்லாத்துக்கும் பொதுப்பேர் துணையெழுத்து.

இதுல பலபேர் கவனிக்காத ஒண்ணு, துணைக்கால் எப்பவும் ஆ ஓசையைக் குறிக்காது. கா-ல அது ஆ. கொ-ல முன்னாடி ஒரு ஒற்றைக்கொம்பு, பின்னாடி ஒரு துணைக்கால், ரெண்டும் சேர்ந்துதான் ஒ. அங்க துணைக்காலுக்குத் தனி ஓசையே கிடையாது, பாதி வேலைதான் பாக்குது. கம்ப்யூட்டர்ல இதனால ஒரு தொல்லையும் உண்டு, ஒருங்குறியில (யூனிகோட்) ொ-வுக்கு ஒரே குறியீடா ஒண்ணு இருக்கு, ெ போட்டு ா போட்டு ரெண்டாவும் வைக்கலாம், கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான், ஆனா சாஃப்ட்வேர் அதைச் சரியாக் கையாளலன்னா தேடும்போது ஒண்ணு கிடைக்கும் இன்னொண்ணு கிடைக்காது. பழைய ஃபாண்ட்லேருந்து மாத்தின ஃபைல்ல ஒரு சொல் கண்ணு முன்னாடி இருந்தும் தேடலுக்கு சிக்கலன்னா முதல்ல இதைச் சந்தேகப்படுங்க.

ௌ விஷயம் இதுக்கு அண்ணன். கௌரவம்னு அடிக்கவேண்டிய இடத்துல க-வுக்குக் கொம்பு போட்டு பக்கத்துல ள-வை அடிச்சு கெளரவம்னு விட்டுடுறாங்க. பாக்க ஒரே மாதிரி இருக்கும், ஆனா அது "கெ-ள-ர-வ-ம்"னு அஞ்சு எழுத்தா ஆயிடுச்சு, வாசிச்சுக் காட்டுற ஆப்ல போட்டுப் பாருங்க தெரியும். ஔவையார் பேர்லயும் இதே கூத்து, ஒ பக்கத்துல ள.

துணைங்கிற சொல்லே எழுத்து மாத்தத்துல அடிபட்ட சொல்தான். 1978-ல தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தப்ப ணா, றா, னா மாதிரி எழுத்துங்கள்ல ஒட்டிக்கிட்டு இருந்த காலைப் பிரிச்சுத் தனித் துணைக்காலா ஆக்கினாங்க, அதோட ணை, லை, ளை, னை நாலும் தலைக்கு மேல தும்பிக்கை மாதிரி வளைஞ்சு வந்ததை எடுத்துட்டு மத்த எழுத்துங்க மாதிரியே முன்னாடி ை போட வச்சாங்க. அந்த ணை-தான் துணையில இருக்கிறது. அதுக்கு முந்தி அச்சடிச்ச புத்தகத்துல துணையைத் தேடினா வேற உருவத்துல இருக்கும், படிக்கத் தடுமாறாதீங்க.

படி 5: துணைவினை, இதுதான் பெரிய சமாச்சாரம்

பள்ளிக்கூடத்துல ரெண்டு பக்கத்துல முடிச்சுடுறாங்க, ஆனா நாம பேசுற தமிழோட பாதி உயிர் இங்கதான் இருக்கு. முதல்வினைதான் நடந்ததைச் சொல்லும், பின்னாடி ஒட்டிக்கிட்டு வர்ற துணைவினை அது எப்படி நடந்துச்சு, சொல்றவருக்கு அதைப் பத்தி என்ன தோணுதுன்னு காட்டும். ஒரு கண்ணாடி டம்ளரை ஒருத்தன் உடைச்சதை வச்சே பாப்போம்.

உடைச்சான். செய்தி, அவ்ளோதான்.
உடைச்சிட்டான். காரியம் முடிஞ்சுபோச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாது. இது விடு.
உடைச்சு வச்சான். உடைச்சதோட பலன் நம்ம தலையில, இப்ப நாம கூட்டி அள்ளணும். இது வை.
உடைச்சுத் தொலைச்சான். சொல்றவருக்கு எரிச்சல். இது தொலை.
உடைச்சுப் போட்டான். கொஞ்சம்கூட அக்கறை இல்லாம. இது போடு.
உடைச்சுப் பாத்தான். உடையுமான்னு சோதனை. இது பார்.
உடைச்சுக் கொடுத்தான். வேற ஒருத்தருக்காக. இது கொடு.
உடைச்சுக்கிட்டான். தன்னோடதை, தனக்கே. இது கொள்.
உடைச்சுத் தள்ளினான். ஒண்ணு ரெண்டு இல்ல, வரிசையா. இது தள்ளு.

உடைஞ்சது ஒரே டம்ளர்தான் (தள்ளினானுக்கு மட்டும் ஒரு செட் வேணும்), ஆனா சொல்றவரோட மூஞ்சி ஒவ்வொரு தடவையும் மாறிடுச்சு. பேச்சுத்தமிழை எழுத்துத்தமிழுக்கு மாத்தும்போது பலபேர் முதல் வேலையா இந்தத் துணைவினைகளைத்தான் வெட்டுறாங்க, சுருக்கமா இருக்கும்னு. சுருக்கமாத்தான் இருக்கும், உயிர் இருக்காது.

ஒரு சொல் துணைவினையா தனி வினையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ரெண்டு சோதனை. முதல் சோதனை, அந்த வினையோட சொந்த அர்த்தம் இன்னும் அங்க இருக்கான்னு பாக்கிறது. "உடைச்சுத் தொலைச்சான்"ல எதுவும் தொலையல, கண்ணு முன்னாடி துண்டு துண்டாக் கிடக்கு. "உடைச்சு வச்சான்"ல எதையும் எங்கயும் எடுத்து வைக்கல. சொந்த அர்த்தம் போயிடுச்சுன்னா அது துணைவினை. இரண்டாவது சோதனை, ரெண்டுக்கும் நடுவுல ஒரு சொல்லைச் செருகிப் பாக்கிறது. "தேங்காயை உடைச்சு தட்டுல வச்சான்"னு செருக முடிஞ்சா வச்சான் தனி வினை, உண்மையிலேயே வச்சிருக்கான். "டம்ளரை உடைச்சு தட்டுல வச்சான்"னு செருகினா அந்தப் பழைய குத்தல் போயிட்டு வேற கதை ஆயிடுச்சு, அப்ப முன்னாடி இருந்தது துணைவினை.

சிலசமயம் ஒரே வினை தனக்குத்தானே துணையா வரும். "நாயை அவுத்து விட்டுட்டான்", விட்டு விட்டான், முதல் விடு நிஜமான விடு, ரெண்டாவது விடு காரியம் முடிஞ்சதைச் சொல்றது. "அவன் அங்க இருந்திருக்கான்", இரு பக்கத்துல இன்னொரு இரு. இலக்கணம் தெரியாத குழந்தைகூட இதைத் தப்பில்லாமப் பேசுது, நாம எழுதும்போதுதான் தடுமாறுறோம்.

எழுதும்போது சேக்கிறதா பிரிக்கிறதா? துணைவினையா இருந்தா முதல்வினையோட சேத்து எழுதுங்க, தனி வினையா இருந்தா பிரிங்க. "தேங்காயை உடைத்து வைத்தான்", "டம்ளரை உடைத்துவைத்தான்". நல்ல பதிப்பகங்கள் பெரும்பாலும் இப்படித்தான் பண்றாங்க, படிக்கிறவருக்கு அர்த்தம் சட்டுன்னு பிடிபடும். ரொம்ப நீளமா போச்சுன்னா, "சொல்லிக்கொண்டிருந்திருக்கக்கூடும்" மாதிரி, ஒரு இடத்துல பிரிச்சு விடுறதுல பாவம் இல்ல, மொபைல் ஸ்க்ரீன்ல ஒரே சொல் ரெண்டு வரிக்கு ஓடுறது யாருக்கும் நல்லா இல்ல.

படி 6: துணைக்குப் போட்டியா நிக்கிற சொற்கள்

மொழிபெயர்க்கிறவங்களுக்கு இதான் நிஜமான தலைவலி. உதவி, இணை, கூடுதல், சார், கிளை, இடை எல்லாம் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்குப் போட்டி போடுது, ஆனா மாத்திப் போட முடியாது, ஏன்னா அரசாங்கத்துல ஒவ்வொண்ணும் ஒரு படி.

தமிழ்நாட்டுத் துறைகள்ல இயக்குநருக்குக் கீழ வரிசை இப்படிப் போகும்: கூடுதல் இயக்குநர், இணை இயக்குநர், துணை இயக்குநர், உதவி இயக்குநர். அடிஷனல், ஜாயின்ட், டெபுட்டி, அசிஸ்டன்ட். டெபுட்டிதான் துணை, அசிஸ்டன்ட் எப்பவும் உதவி. துணை இயக்குநருக்கு லெட்டர் எழுதி உதவி இயக்குநர்னு போட்டா ஒரு படி இறக்கிட்டீங்கன்னு அர்த்தம். காலேஜ்ல உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர் இருக்காங்க, துணைப் பேராசிரியர்னு இப்ப யாரும் இல்ல.

சப்-ங்கிறதுதான் ரொம்பப் படுத்தும். சப் ஸ்டேஷன் துணை மின்நிலையம், சப் கமிட்டி துணைக்குழு, ஆனா சப் கலெக்டர் சார் ஆட்சியர், சப் ரிஜிஸ்ட்ரார் சார்பதிவாளர், சப் ஜெயில் கிளைச்சிறை, சப் இன்ஸ்பெக்டர் உதவி ஆய்வாளர். டெபுட்டி கலெக்டர்தான் துணை ஆட்சியர், அவரும் சார் ஆட்சியரும் வேற வேற ஆள். இதுல லாஜிக் தேடாதீங்க, வழக்கத்தை மனப்பாடம் பண்ணிக்கோங்க. அதே மாதிரி பைலா துணைவிதி, ஆனா பை எலெக்‌ஷன் இடைத்தேர்தல், துணைத்தேர்தல் இல்ல. சப்ளிமென்டரி எக்ஸாம் துணைத்தேர்வு.

நதிங்க விஷயத்துல தேர்வு எழுதுறவங்க நிறைய மார்க் விடுறாங்க. துணையாறுன்னா வந்து சேர்றது, கிளையாறுன்னா பிரிஞ்சு போறது. பவானி, நொய்யல், அமராவதி மூணும் காவிரியில வந்து கலக்குது, அதனால துணையாறுகள். கொள்ளிடம் முக்கொம்புல காவிரியிலேருந்து பிரியுது, அது கிளையாறு.

படி 7: அளவைக் குறிக்கிற பழைய துணை

"தினைத்துணை நன்றி செயினும் பனைத்துணையாக் கொள்வர்"னு 104-வது குறள். இங்க துணைன்னா உதவியும் இல்ல, ஆளும் இல்ல, அளவு. தினையளவு, பனையளவு. 87-வது குறள்ல "விருந்தின் துணைத்துணை"ன்னு ரெண்டு துணை அடுத்தடுத்து நிக்கும், அதுலயும் அளவுதான் பேச்சு. ஆனா அதே திருக்குறள்ல 45-வது அதிகாரம் பெரியாரைத் துணைக்கோடல், அங்க துணைன்னா நம்மளவிட அறிவுல மூத்தவங்க. ஒரே புத்தகத்துக்குள்ளயே இப்படி, அதனால பழைய பாட்டுல துணையைப் பாத்ததும் உதவின்னு முடிவு பண்ணாம, தினை, பனை மாதிரி அளக்கிறதுக்குத் தோதான பொருள் முன்னாடி நிக்குதான்னு ஒருதடவை பாத்துக்கோங்க.

இந்த அளவுத் துணை இன்னிக்கும் மேடைப் பேச்சுல எத்துணை, அத்துணை, இத்துணைன்னு உயிரோட இருக்கு. எண்ணுறதுக்கு எத்தனை, எண்ண முடியாததுக்கு எத்துணைன்னு வச்சுக்கிட்டா சிக்கல் இல்ல. "எத்தனை பேர் வந்தாங்க", "எத்துணை பெருமை". "எத்துணை பேர்"னு மைக்ல சொல்றவங்க இருக்காங்க, கம்பீரமா இருக்கும்னு நினைக்கிறாங்க போல.

கடைசியா, இலங்கை வாசகர்களுக்கு எழுதும்போது ஒரு கண்ணு வச்சுக்கோங்க. அங்க டெபுட்டிக்குப் பெரும்பாலும் பிரதிதான், பிரதி அமைச்சர், பிரதி சபாநாயகர். வைஸ்-க்கு உப வரும், உப தலைவர், உபவேந்தர், கூடவே துணைவேந்தரும் புழக்கத்துல இருக்கு. அங்கத்து செய்தியை எடுத்து இங்க போடும்போது பிரதி அமைச்சரைத் துணை அமைச்சர்னு மாத்தலாம், ஆனா இணை அமைச்சர்னு மாத்திடாதீங்க, அது டெல்லியில இருக்கிற வேற பதவி.